ஜெம் தளத்தில் உள்ளூர்ச் சேவையாளருக்கு இடம் உண்டா? திருச்சியிலிருந்து ஒரு மதிப்பீடு

திருச்சிராப்பள்ளியில் கணினி, பிரிண்டர், யு.பி.எஸ். ஆகியவற்றுக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், அதாவது ஏ.எம்.சி., எடுத்துச் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றை நடத்திவருகிறேன். என்னையும் சேர்த்து ஆறு பேர் வேலை செய்கிறோம். எங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் மத்திய அரசு அலுவலகங்களிலிருந்தே வருகிறது. அந்த வேலைகள் எல்லாமே இன்று அரசு மின்சந்தையான ஜெம் தளத்தின் வழியாகத்தான் கிடைக்கின்றன. 2019-இல் அதில் விற்பனையாளராகப் பதிவு செய்தேன். அந்தத் தளத்தையும், அதற்குள் செயல்படும் கொள்முதல் முன்னுரிமை விதிகளையும், என்னைப் போன்ற சேவையாளர் ஒருவர் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைப் பற்றியே இந்த மதிப்பீடு. பொருள் விற்பவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம். அரசுக்குச் சேவை வழங்குகிறவர்களுக்காகவும், வழங்க எண்ணுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஜெம் வருவதற்கு முன்பு அலுவலகங்களில் மூன்று கொட்டேஷன் வாங்கும் முறை இருந்தது. மூடி ஒட்டிய மூன்று உறைகள் வரும். அவற்றில் இரண்டை மூன்றாமவரே கொண்டுவந்து கொடுத்திருப்பார் என்பது அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். புதிதாகத் தொழில் தொடங்கியவருக்கு எந்த அலுவலகத்தில் எப்போது ஒப்பந்தம் முடிகிறது என்ற செய்தியே எட்டாது. 2016 ஆகஸ்டில் ஜெம் தொடங்கப்பட்டது. நூற்றாண்டுப் பழமை கொண்ட அரசுக் கொள்முதல் இயக்ககம் 2017-இல் மூடப்பட்டது. அதே ஆண்டின் பொது நிதி விதிகளில் 149-ஆம் விதி, தளத்தில் கிடைக்கும் பொருளையும் சேவையையும் மத்திய அமைச்சகங்களும் துறைகளும் அங்கேயே வாங்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. இதன் பயனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். யாரையும் தெரியாமல், யாருக்கும் வணக்கம் வைக்காமல், என் மேசையில் அமர்ந்தபடியே தஞ்சாவூரிலோ புதுக்கோட்டையிலோ உள்ள ஓர் அலுவலகத்தின் தேவையைப் பார்த்து விலை கொடுக்க முடிகிறது என்பது எங்கள் தலைமுறைக்குக் கிடைத்த பெரிய மாற்றம். 2023-24 நிதியாண்டில் இத்தளத்தின் கொள்முதல் மதிப்பு 4 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் ஏறத்தாழ பாதி சேவைகளுக்கானது. ஆகவே இது வெறும் மேசை நாற்காலி வாங்கும் கடை அன்று.

பதிவு செய்வது எளிது. பான், ஆதார், ஜி.எஸ்.டி. எண், வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு, குறு, சிறு நிறுவனம் என்பதற்கான அரசுப் பதிவான உத்யம் பதிவையும் இணைத்துவிட வேண்டும். கீழே சொல்லப்போகும் சலுகைகள் எல்லாம் அந்த ஓர் எண்ணைத்தான் பற்றிக்கொண்டு நிற்கின்றன. 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் வசூலிக்கும் தனியார் தளங்கள் பல உள்ளன. அவற்றில் ஏமாற வேண்டாம். 2024 ஆகஸ்டு முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான ஆர்டர்களுக்கு ஜெம் பரிவர்த்தனைக் கட்டணம் வாங்குவதில்லை. எங்கள் ஒப்பந்தங்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த வரம்புக்குள் அடங்குவதால் இது உண்மையான நிம்மதி.

இனி முன்னுரிமைக்கு வருகிறேன். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின் கீழ், 2012-இல் ஒரு கொள்முதல் கொள்கை ஆணை வெளியானது. மத்திய அமைச்சகங்கள், துறைகள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவை தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 20 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்று அது கூறியது. 2018-இல் செய்யப்பட்ட திருத்தம் இதை 25 ஆக உயர்த்தியது; அதற்குள் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 4 விழுக்காடும் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3 விழுக்காடும் உள்ளடங்கும். டெண்டர் படிவத்துக்குக் கட்டணம் இல்லை, முன்வைப்புத் தொகையான இ.எம்.டி. கட்ட வேண்டியதில்லை. ஒப்பந்தம் கிடைத்த பிறகு கொடுக்க வேண்டிய செயல்திறன் உத்தரவாதத் தொகைக்கு இந்த விலக்கு பொருந்தாது. பெரும்பாலும் மதிப்பில் 3 முதல் 5 விழுக்காடு வரை வரும் அந்தத் தொகையை வங்கியில் முடக்கி வைக்கத் தயாராக இருக்க வேண்டும். முதல் ஒப்பந்தத்தில் இதை நான் கணக்கில் சேர்க்காமல் விட்டேன். அந்த மாதச் சம்பளத்துக்கு மனைவியின் நகையை அடகு வைக்க நேர்ந்தது.

ஆணையின் இதயம் விலைப் பொருத்தம். மிகக் குறைந்த விலை கொடுத்தவர், அதாவது எல்-1, குறு அல்லது சிறு நிறுவனம் அல்லாதவராக இருந்து, ஒரு சிறு நிறுவனத்தின் விலை அதிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருந்தால், எல்-1 விலைக்கே இறங்கிவந்து வேலையை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அந்தச் சிறு நிறுவனத்துக்குத் தரப்படும். பொருள் என்றால் மொத்த அளவில் ஒரு பங்கைப் பிரித்துத் தருவார்கள். சேவையை அப்படிப் பிரிக்க முடியாது. ஓர் அலுவலகத்தில் காலையில் ஒருவரும் மாலையில் இன்னொருவருமாகப் பிரிண்டரைப் பழுது பார்க்க இயலாது. ஆகவே பிரிக்கவியலாத சேவைகளுக்கு ஒப்பந்தம் முழுவதுமே சிறு நிறுவனத்துக்குப் போகலாம். 2021-இல் எனக்கு அப்படி ஒன்று வாய்த்தது. 74 கணினிகள், 28 பிரிண்டர்கள், 9 யு.பி.எஸ். கொண்ட அலுவலகம் அது. பாகங்களும் எங்கள் செலவு என்ற முழுமையான ஏ.எம்.சி. எல்-1 ஆக வந்த பெரிய நிறுவனத்தின் விலை 2,04,000 ரூபாய், என்னுடையது 2,27,000. வித்தியாசம் 11 விழுக்காட்டுக்குச் சற்று மேல். விலையைப் பொருத்திக்கொள்கிறீர்களா என்று தளம் கேட்டது. ஓர் இரவு முழுக்கக் கணக்குப் போட்டுவிட்டு மறுநாள் காலையில் ஒப்புக்கொண்டேன்.

புதிதாக வருகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இந்த முன்னுரிமை நமக்குக் கூடுதல் விலை தருவதில்லை. அடுத்தவர் போட்ட விலையில் நாம் வேலை செய்யும் உரிமையைத்தான் தருகிறது. அந்த விலை நூறு ஊழியர்களையும் உதிரிப் பாகங்களை மொத்தமாக வாங்கும் வலுவையும் வைத்துப் போடப்பட்டது. என்னிடம் அவை இல்லை. இருப்பதெல்லாம் அலுவலகத்துக்கும் என் கடைக்கும் இடையிலுள்ள நான்கு கிலோமீட்டர் மட்டுமே. அந்த நான்கு கிலோமீட்டரைப் பணமாக்கத் தெரிந்தால் மட்டுமே இந்தச் சலுகை லாபமாகும். நாங்கள் முதல் மாதத்திலேயே எல்லா யு.பி.எஸ். பேட்டரிகளையும் சோதித்து, வலுவிழந்தவற்றைத் தனித்தனியாகப் பழுதாக விடாமல் ஒரே முறையில் மாற்றினோம். தூசி அடைத்திருந்த கணினிகளை இரண்டு சனிக்கிழமைகளில் கழற்றிச் சுத்தம் செய்தோம். அதன் பிறகு புகார்கள் பாதியாகக் குறைந்தன. ஆண்டு முடிவில் கையில் நின்றது பெரிய தொகை இல்லை என்றாலும் நட்டம் இல்லை.

முன்னுரிமை இப்படி வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் அது எப்போது வேலை செய்யும் என்பது வாங்கும் அலுவலகம் பிட்டை, அதாவது தளத்தில் விலை கேட்டு வெளியிடும் அறிவிப்பை, உருவாக்கும்போது தேர்ந்தெடுக்கும் சில கட்டங்களைப் பொறுத்தது. ஒவ்வொரு பிட் ஆவணத்திலும் குறு, சிறு நிறுவனங்களுக்குக் கொள்முதல் முன்னுரிமை உண்டா, முன் அனுபவத்திலும் ஆண்டு விற்றுமுதலிலும் அவர்களுக்குத் தளர்வு உண்டா, ஒப்பந்தத்தில் எத்தனை விழுக்காடு அவர்களுக்கு என்று தனித்தனியாகக் கேள்விகள் இருக்கும். அவற்றுக்கு எதிரே ஆம் அல்லது இல்லை என்று எழுதப்பட்டிருக்கும். அந்த ஒரு சொல்லில் எங்கள் பிழைப்பு இருக்கிறது. முன்னுரிமை ஆம் என்று இருந்தாலும், விற்றுமுதல் தளர்வு இல்லை என்று குறிக்கப்பட்டு, இரண்டு லட்சம் ரூபாய் வேலைக்கு ஐம்பது லட்சம் ரூபாய் ஆண்டு விற்றுமுதல் கேட்கப்பட்டால், நாங்கள் உள்ளே நுழையவே முடியாது. நுழையாதவனுக்கு 15 விழுக்காடு எதற்கு?

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அலுவலகத்தின் பிட்டில் இரண்டு கட்டங்களிலும் இல்லை என்று இருந்தது. தளத்தின் வழியாகவே விளக்கம் கேட்டு எழுதினேன். பதில் வராததால் நேரில் சென்றேன். கொள்முதலைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி, ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தவர், என்னை உட்கார வைத்து, திரையைத் திருப்பிக் காட்டினார். “தம்பி, போன வருஷத்து பிட்டை அப்படியே எடுத்துத் தேதியை மட்டும் மாத்தினேன். இப்படி ஒரு கட்டம் இருக்கிறதே நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியுது” என்றார். அன்று மாலையே திருத்தம் வெளியிட்டார். அந்த ஒப்பந்தம் எனக்குக் கிடைக்கவில்லை. வேறொரு சிறு நிறுவனம் என்னைவிடக் குறைவாகக் கொடுத்து வாங்கியது. அதில் எனக்கு வருத்தமில்லை. நாடாளுமன்றச் சட்டத்தின் கீழ் வந்த ஆணை ஒன்று, பயிற்சி பெறாத ஒருவர் பழைய பிட்டை நகலெடுக்கும் கணத்தில் செயலிழந்துவிடுகிறது என்பதே வருத்தம். எல்லாரும் அவரைப் போல் திருத்துவதும் இல்லை. இன்னோர் அலுவலகத்திலிருந்து இன்றுவரை எனக்குப் பதில் வரவில்லை.

இந்த ஆணைக்கு எவ்வளவு வலிமை உண்டு என்ற கேள்விக்கு 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. 2012-ஆம் ஆண்டின் ஆணைக்குச் சட்டத்தின் வலிமை உண்டு, அதைச் செயல்படுத்துவது அதிகாரிகளின் கடமை, அந்தக் கடமையை நீதிமன்றம் ஆராயலாம் என்று தீர்ப்பு கூறியது. அதே வேளையில், ஒவ்வொரு டெண்டரிலும் தனக்கு இவ்வளவு தர வேண்டும் என்று தனியொரு நிறுவனம் உரிமையாகக் கோர முடியாது என்றும் சொன்னது. ஏனெனில் 25 விழுக்காடு என்பது ஓர் ஆண்டின் மொத்தக் கொள்முதலுக்கான இலக்கு. எங்களைப் போன்றவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: கட்டத்தைத் திருத்தச் சொல்லி எழுதும் கடிதத்தில் இனி இரந்து கேட்கும் தொனி தேவையில்லை.

அடுத்து, இந்த விதிகளில் உள்ளூர் என்ற சொல் எதைக் குறிக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 2017 ஜூனில் வெளிவந்து, 2020-இல் பெருமளவு திருத்தப்பட்ட மேக் இன் இந்தியா கொள்முதல் முன்னுரிமை ஆணை, வழங்குவோரை மூன்றாகப் பிரிக்கிறது. உள்நாட்டு மதிப்பு 50 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் முதல் வகுப்பு உள்ளூர் வழங்குநர். 20 முதல் 50-க்குள் இருந்தால் இரண்டாம் வகுப்பு. அதற்கும் கீழே என்றால் உள்ளூர் அல்லாதவர். முதல் வகுப்பினருக்கு 20 விழுக்காட்டு இடைவெளி வரை விலைப் பொருத்தும் வாய்ப்பு உண்டு. 200 கோடி ரூபாய்க்கு உட்பட்ட கொள்முதலுக்கு உலகளாவிய டெண்டர் விடுவதும் 2020 முதல் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. வெளிநாட்டுப் பொருள்களோடு போட்டியிடும் உற்பத்தியாளருக்கு இது உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த ஆணையில் உள்ளூர் என்றால் இந்தியா. நொய்டாவில் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனமும், உறையூரில் கடை வைத்திருக்கும் நானும், திருச்சி அலுவலகம் ஒன்றின் பிரிண்டரைப் பொறுத்தவரை ஒரே அளவுக்கு உள்ளூர். எங்கள் இருவருக்கும் இடையே இந்த ஆணை எந்த வேறுபாட்டையும் செய்வதில்லை. 2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தில், 20 விழுக்காடு பிரிட்டன் மதிப்பு கொண்ட வழங்குநரை இரண்டாம் வகுப்பு உள்ளூர் வழங்குநராகக் கொள்ளும் ஏற்பாடும் இடம்பெற்றுள்ளது. உள்ளூர் என்ற சொல் அந்த அளவுக்கு விரிந்திருக்கிறது.

சேவையை மதிப்பிடும் விதத்திலும் இந்த ஆணைக்குப் பொருள்களின் கண்தான் இருக்கிறது. இறக்குமதிப் பொருளைக் கொண்டுவந்து விற்பவர்கள் போக்குவரத்து, காப்பீடு, நிறுவுதல், பயிற்சி, ஏ.எம்.சி. போன்றவற்றின் செலவை உள்நாட்டு மதிப்பாகக் காட்டியதால், அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 2021-இல் விளக்கம் வெளியிடப்பட்டது. ஏமாற்றைத் தடுப்பதற்கு அது சரியான முடிவு, நானும் ஏற்கிறேன். ஆயினும் பொருளை விற்ற பின் அதை ஐந்தாண்டுகள் ஓடவைக்கும் உழைப்பு எந்தக் கணக்கில் முன்னுரிமை பெறும் என்பதற்கு ஆணையில் இடம் அமையவில்லை.

தொலைவைக் கணக்கில் கொள்ளாததன் விளைவை ஒரு நிகழ்ச்சியால் சொல்கிறேன். நான் இரண்டு ஆண்டுகள் பார்த்துவந்த ஓர் அலுவலகத்தின் ஒப்பந்தத்தை, வடமாநில நகரம் ஒன்றிலிருந்து ஒரு நிறுவனம் ஏறத்தாழ என் விலையில் பாதிக்கு எடுத்தது. அதுவும் உத்யம் பதிவு பெற்ற சிறு நிறுவனம்தான். ஆகவே எனக்கு எந்த முன்னுரிமையும் இல்லை. மூன்று வாரம் கழித்து அவர்களிடமிருந்து எனக்கே தொலைபேசி அழைப்பு வந்தது. ஒரு புகாருக்கு 250 ரூபாய் தருகிறோம், போய்ப் பார்த்துவிட்டு வர முடியுமா என்று கேட்டார்கள். நான் மறுத்துவிட்டேன். என்னிடம் முன்பு வேலை பார்த்து, இப்போது தனியே தொழில் செய்யும் ஒரு தம்பி ஒப்புக்கொண்டார். இரண்டு மாதத்தில் அவருக்குப் பன்னிரண்டு அழைப்புகள். பணம் வந்தது நான்குக்கு மட்டும். அவர் போவதை நிறுத்தினார். அதன் பிறகு அந்த அலுவலகத்தில் கவுன்ட்டர் பிரிண்டர் ஒன்று ஒன்பது நாள் நின்றுபோய், பொதுமக்கள் ரசீது இல்லாமல் திரும்பிச் சென்றிருக்கிறார்கள். இறுதியில் வேலையைச் செய்தது உள்ளூர்க்காரர்தான். ஆனால் ஒப்பந்தம் இல்லாமல், சட்டப் பாதுகாப்பு இல்லாமல், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் இல்லாமல் செய்தார்.

இதற்குத் தளத்தில் மருந்தே இல்லை என்று சொல்ல முடியாது. வாங்குவோர் சேர்க்கக்கூடிய கூடுதல் நிபந்தனைகளில், சேவை பெறும் இடம் அமைந்த மாநிலத்தில் சேவையாளருக்கு அலுவலகம் இருக்க வேண்டும், அதற்கு ஆவணம் காட்ட வேண்டும் என்ற ஆயத்தமான வாசகம் ஒன்று உண்டு. பல அலுவலகங்கள் இதைச் சேர்க்கின்றன. ஒரு காலத்தில் நானும் இதை மிகவும் வரவேற்றேன். இப்போது எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. மாநிலம் என்பது சேவைக்குப் பொருத்தமான அளவுகோல் அன்று. சென்னையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துப் பெயர்ப்பலகை மாட்டினால், அந்த ஆவணம் நாகர்கோவில் வரை செல்லுபடியாகும். அதைவிட வியப்பானது காரைக்கால். அது புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. அங்குள்ள அலுவலகம் ஒன்று இந்த நிபந்தனையைச் சேர்த்தால், இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாகப்பட்டினத்துக்காரர் தகுதி இழந்துவிடுவார். பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஆந்திரத்துக்குள் இருந்தாலும் புதுச்சேரியையே சேர்ந்த ஏனாமிலிருந்து ஒருவர் தகுதி பெற்றுவிடுவார். எல்லைக்கோட்டை வைத்துத் தீர்மானித்தால் இப்படித்தான் ஆகும்.

நான் கேட்பது மாவட்ட ஒதுக்கீடும் அன்று. திருச்சிக்காரருக்கே திருச்சி என்று எழுதிவிட்டால், பழைய மூன்று உறைகள் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும். நானும் தஞ்சாவூருக்கும் காரைக்காலுக்கும் போய் வேலை செய்ய முடியாது. கேட்க வேண்டியது இடத்தை அன்று, நேரத்தை. புகார் பதிவான எத்தனை மணி நேரத்துக்குள் ஆள் நேரில் வர வேண்டும், எத்தனை மணிக்குள் பழுது நீங்க வேண்டும், நீங்காவிட்டால் மாற்றுக் கருவி யார் தர வேண்டும், தவறினால் பில்லில் எவ்வளவு பிடிக்கப்படும் என்பதைச் சேவைத்தர நிபந்தனையாக எழுதி, அதை உண்மையாகவே பிடித்தால், விலைக்குள் தொலைவு தானாக வந்து சேரும். நொய்டாவிலிருந்து வருபவரும் இங்கே ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அப்போது அவருடைய விலை பாதியாக இருக்காது. ஜெம் தளத்தின் சேவை ஒப்பந்தங்களில் இத்தகைய நிபந்தனைகளுக்கும் பிடித்தங்களுக்கும் இடம் இருக்கிறது. நான் பார்த்த ஆவணங்களில் பெரும்பாலானவை அந்த இடத்தைப் பொதுவான வாசகத்தோடு விட்டுவிடுகின்றன. எழுதியிருந்தாலும் புகார்ப் பதிவேட்டை யாரும் பராமரிப்பதில்லை. பில் வந்ததும் முழுத் தொகைக்கும் கையெழுத்து ஆகிவிடுகிறது.

ஆள்வழங்கல் சேவையில் நிலைமை இன்னும் கடினம். குறைந்தபட்ச ஊதியம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் சட்டப்படி நிலையானவை என்பதால், போட்டியாளர்கள் தங்கள் சேவைக் கட்டணத்தை மட்டுமே விழுக்காட்டில் குறிப்பிடுகிறார்கள். பூஜ்ஜியத்துக்கு அருகில் போட்டுவிட்டுப் பிறகு தொழிலாளியின் சம்பளத்தில் கை வைப்பதைத் தடுக்க, பல பிட்களில் 3.85 விழுக்காடு என்ற கீழ்வரம்பு வைக்கப்படுகிறது. நோக்கம் நல்லது. விளைவு, நூற்றுக்கணக்கானோர் அதே 3.85-ஐக் கொடுத்துச் சமநிலையில் நிற்க, அவர்களிலிருந்து ஒருவரைத் தளம் குலுக்கல் முறையில் எடுக்கிறது. திருவெறும்பூர்ப் பக்கத்தில் துப்புரவுப் பணியாளர்களை வழங்கும் ஓர் அக்கா, பதினெட்டுப் பெண்களுக்கு எட்டு ஆண்டுகளாக மாதம் பிறந்த ஐந்தாம் தேதிக்குள் சம்பளம் போட்டவர், கடந்த ஆண்டில் கலந்துகொண்ட அத்தனை குலுக்கலிலும் வெளியேறினார். பெண் தொழில்முனைவோருக்கான 3 விழுக்காட்டு இலக்கு ஆண்டுக் கணக்கில்தான் இருக்கிறது. அவர் பெயர் வராத குலுக்கலில் அதற்கு வேலை இல்லை. எட்டு ஆண்டுகள் ஒழுங்காகச் சம்பளம் போட்ட வரலாறு ஒரு சமநிலையை உடைக்கப் போதாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பி.எஃப். செலுத்திய பதிவுகள் எல்லாம் அரசிடமே இருக்கின்றன. சமநிலை வரும்போது அவற்றைப் பார்த்தால் போதும்.

பணம் வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு சொன்ன 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, குறு, சிறு நிறுவனத்துக்குச் சேர வேண்டிய தொகையை ஏற்பு நாளிலிருந்து 45 நாள்களைத் தாண்டாமல் செலுத்த வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக, 16-ஆம் பிரிவின்படி தர வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு எது எழுதியிருந்தாலும் இது பொருந்தும். செலுத்தாவிட்டால் அதற்கான அரசு இணையதளத்தில் முறையிட்டு, இத்தகைய நிலுவைகளை விசாரிக்க மாநில அரசு அமைத்துள்ள வசதி மன்றத்துக்குப் போகலாம். அதற்கு நாம் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை, திருச்சியிலேயே மண்டல மன்றம் இருக்கிறது. மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்லும் நிறுவனம் முதலில் 75 விழுக்காட்டுத் தொகையைக் கட்டியாக வேண்டும். காகிதத்தில் இதைவிட வலுவான பாதுகாப்பைக் கேட்க முடியாது. ஆனால் ஒரு முறை, ஓர் அலுவலகத்திலிருந்து மூன்றாம் காலாண்டுப் பில்லுக்கான பணம் எனக்கு ஏழு மாதம் கழித்து வந்தது. நிதி ஒதுக்கீடு வரவில்லை என்றார்கள். வட்டியை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சட்டப்படி கிடைத்திருக்கும். அடுத்த ஆண்டின் பிட்டில் முன் அனுபவச் சான்றுக்கு அதே அதிகாரியின் கையெழுத்து எனக்குத் தேவைப்பட்டது. இந்த அச்சத்தை நான் மட்டும் அனுபவிக்கவில்லை. தாமத வட்டியை நாம் கேட்டு வாங்க வேண்டிய கோரிக்கையாக வைக்காமல், தளமே தானாகக் கணக்கிட்டுப் பில்லோடு சேர்த்து எங்களுக்கு வழங்கினால் அன்றி, 16-ஆம் பிரிவால் எங்களுக்குப் பெரிய பயன் இருக்காது.

மாநில அரசு அலுவலகங்களைப் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டில் டெண்டர்கள் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டத்தையும் 2000-ஆம் ஆண்டின் விதிகளையும் பின்பற்றுகின்றன. அதற்கான மின்கொள்முதல் தளம் வேறு. ஆகவே ஜெம்மில் மட்டும் கண் வைத்திருப்பவர், தன் தெருமுனையில் உள்ள மாநில அலுவலகத்தின் வேலையைத் தவறவிடுவார். இரண்டையும் பார்க்க வேண்டும்.

என் மதிப்பீடு இது. வெளிப்படைத்தன்மைக்கும், பதிவின் எளிமைக்கும், இ.எம்.டி. விலக்குக்கும் ஜெம் தளத்துக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். சிறு நிறுவன முன்னுரிமைக்கு மூன்று. அதுவும் கட்டங்கள் சரியாகக் குறிக்கப்பட்ட பிட்களுக்கு மட்டும். அருகில் இருந்து சேவை செய்பவரை அடையாளம் காணும் திறனுக்கு ஒன்றுதான் கொடுக்க முடியும். ஏனெனில் விதிகள் அதைப் பார்க்கவே அமைக்கப்படவில்லை. ஆறு பேருக்குக் குறைவான நிறுவனம், மூன்று மாதம் பில் வராமல் தாக்குப்பிடிக்கக் கையிருப்பு இல்லாத நிறுவனம், அரசு வேலையை மட்டும் நம்பித் தொடங்க வேண்டாம். தனியார் பள்ளி, மருத்துவமனை என்று வேறு இரண்டு வாடிக்கையாளர்களாவது இருக்கட்டும். பிட் ஆவணத்தில் முதலில் விலைப் பகுதியைப் பார்க்காமல், முன்னுரிமைக் கட்டங்களையும் கூடுதல் நிபந்தனைகளையும் படியுங்கள். தவறு இருந்தால் கடைசி நாள் வரை காத்திராமல் அன்றே எழுதுங்கள்.

நான் முதலில் சொன்ன 74 கணினி அலுவலகத்தில் இந்த ஆண்டு புதிய அதிகாரி பொறுப்பேற்றிருக்கிறார். அவர் வெளியிட்டுள்ள பிட்டில், புகாருக்கு நான்கு மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும், மறுநாள் மாலைக்குள் சரியாகாவிட்டால் மாற்றுக் கருவி வைக்க வேண்டும், தவறும் ஒவ்வொரு நாளுக்கும் பிடித்தம் உண்டு, புகார்ப் பதிவேட்டின் நகல் இல்லாமல் பில் ஏற்கப்படாது என்று நான்கு வரிகள் இருக்கின்றன. இத்தனை ஆண்டுகளில் இப்படி ஒரு பிட்டை நான் பார்த்ததில்லை. வரும் வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அது முடிகிறது. பேட்டரி விலையை விசாரித்துவிட்டேன். உதிரிப் பாகங்களின் கணக்கு மட்டும் பாக்கி.